செல்வி அக்காவின் பக்கத்து சீட்டு

இதை யாரிடமும் காட்டாதே, மகனே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் நண்பர்களிடம் காட்டாதே. உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவளிடமும் காட்டாதே. உன் தாத்தா அப்போது உயிரோடு இருந்தால் அவர் கண்ணில் இந்தத் தாள்கள் படவே கூடாது. அவர் கெட்டவர் என்பதால் சொல்லவில்லை. இதைப் படித்தால் அவர் சாப்பிடமாட்டார். எங்கள் வீட்டில் அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம், சாப்பிடாமல் எழுந்து போனால்தான் தாங்க முடியாது.

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்றுகூட எனக்குத் தெரியாது, சிரிக்காதே. எனக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறேன். ஆமத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஓர் ஊரில், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது உனக்கு என் வயதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் வளர்ந்த ஆளிடம் பேசுவதுபோலத்தான் பேசப்போகிறேன். ஏன் மகன், மகளாக இருக்கக் கூடாதா என்று கேட்பாய். மகள் பிறந்தால் அவளுக்கு இதெல்லாம் நான் சொல்லாமலே தெரிந்துவிடும். இந்த வீட்டிலும், கோயில் கமிட்டியிலும், கம்பெனியிலும் பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். பேசாமல் கேட்கிற ஆண் ஒருவனாவது எனக்கு வேண்டும். அது நீயாக இரு.

நாளைக் காலை ஏழு மணிக்கு நான் ஒரு பஸ்ஸில் ஏறப்போகிறேன். ஏறக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். மீறி ஏறினால் இந்த வருஷத்தோடு படிப்பு முடிந்தது, காரியாபட்டியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன், அங்கிருந்தே உனக்குக் கல்யாணம் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார். எனக்குப் பயமாக இருக்கிறது. என் எழுத்து கோணலாகப் போவதைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஏறுவேன். ஏன் ஏறுவேன் என்பதை ஒருவருக்காவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. இங்கே முழுதாகக் கேட்க ஆள் இல்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

உன் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரு வேன் இருக்கிறது. காலையில் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதும் அவர்தான், அதனால் ஏஜென்ட் என்பார்கள். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். என் அம்மாவும் அதே வேனில் போய் அதே கம்பெனியில் திரி வெட்டுகிற வேலை செய்தாள். கோயிலுக்குப் பின்தெருவில் செல்வி அக்கா வீடு. அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். செல்வி அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவளும் அதே வேன், அதே கம்பெனி. ஆனால் அவளுக்கு அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலை. வெடிமருந்து இருக்கிற அறைகளுக்கும் அந்த இடத்துக்கும் நல்ல தூரம்.

போன வருஷம் சீசன் நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்களுக்கு உபவாச ஜெபம் வைத்தார்கள். சபைப் பெண்கள் ஒருவரும் அன்று வேலைக்குப் போகவில்லை. அம்மாவும் போகவில்லை. திரி வெட்டுகிற அறையில் ஆள் குறைந்துவிட்டது, ஆர்டர் அவசரம் என்று பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலரை அங்கே மாற்றி உட்காரவைத்தார்கள். மத்தியானம் அந்த அறை வெடித்தது. சிலர் திரும்பி வரவே இல்லை. செல்வி அக்கா வந்தாள், மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்த பிறகு. கழுத்து, முதுகு, வலது தோளிலிருந்து விரல் வரைக்கும் வெந்திருந்தது.

நான் சொல்ல வந்தது வெடித்ததைப் பற்றி இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. எங்கள் ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து மைக்கில் சொல்வார். நல்ல வழக்கம்தான் மகனே, அதைக் குறை சொல்லாதே. ஒரு வீட்டில் பிரசவம் நல்லபடியாக முடிந்ததென்று கேட்கும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இன்னொருத்திக்குத் தைரியம் வரும். அன்று அப்பா எழுந்தார். அவருக்குக் குரல் உடைந்தது. நடிக்கவில்லை, மனைவி பிழைத்தால் எந்த மனுஷனும் அப்படித்தான் அழுவான். தன் மனைவி தினமும் உட்காருகிற இடம் எரிந்துபோனது, கர்த்தர் அவளை ஜெபத்துக்கு இழுத்துவைத்துக் காப்பாற்றினார், நம் சபையில் ஒரு பிள்ளைக்கும் ஒரு காயமில்லை என்று சொன்னார். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். பாடகர் குழுவில் நின்றிருந்த நானும் சொன்னேன். கோயில் உச்சியில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்று பின்தெருவைப் பார்த்து இருக்கிறது. அது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

செல்வி அக்காவின் அம்மா மாற்றுத்துணி எடுப்பதற்காக மதுரையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார்கள். தோளில் துணிப்பையோடு வந்து கோயிலின் பக்கவாசலில் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள். சத்தம் போடவில்லை. அப்பாவைப் பார்த்து, “அண்ணாச்சி, மதினி எடத்துலதான் எம் மகள உக்கார வச்சாக” என்றார்கள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிப் போய்விட்டார்கள். மைக் அப்பா கையிலேயே இருந்தது. அதனால் அந்த வார்த்தையும் குழாய் வழியாக ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். நாங்கள் பாடினோம். ஒரு வரியும் விடாமல் பாடினோம்.

இப்படி ஒரு தப்பை எங்களைப் போன்றவர்களால் மட்டும்தான் செய்ய முடியும். குடிகாரன் செய்யமாட்டான், சாமியே இல்லை என்கிறவன் செய்யமாட்டான். தினமும் ஜெபம் பண்ணுகிறவர்கள்தான் செய்வார்கள். பின்தெருவில் ஒரு வீடு இடிந்து கிடக்கும்போது எங்கள் வீடு நிற்கிறதென்று மைக்கில் சொன்னோம். அதன் பிறகு சிலர் அதற்கு விளக்கமும் சொன்னார்கள், எல்லாம் கடவுளின் திட்டம் என்று. யாராவது உன்னிடம் அப்படிச் சொன்னால் நம்பாதே. என் அம்மாவைக் காப்பாற்றுவதற்காகச் செல்வி அக்காவை அங்கே உட்காரவைக்கிற கடவுளை நான் கும்பிடவில்லை. நான் கும்பிடுகிறவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்தவன் காலைக் கழுவினவர். உட்காரவைத்தது கம்பெனி. இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன். இன்றைக்கு அடுப்படியில் ஒளிந்துகொண்டுதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

அம்மா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அதைப்பற்றிப் பேசவும் இல்லை. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டுவைப்பார்கள், மாதம் ஒரு ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அம்மா இரண்டு பிடி எடுக்க ஆரம்பித்தாள். ஒரு பிடி பானைக்கு, ஒரு பிடி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்கு. செல்வி அக்கா வீட்டுக்கு வந்துசேர்ந்த பிறகு ஒருநாள் அந்த டப்பாவை என் கையில் கொடுத்து, போய்க் கொடுத்துட்டு வா என்றாள். ஏன் நீங்களே போகக் கூடாதா என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு அந்த வாசப்படி ஏற முடியாது என்று சொன்னாள்.

நான் போனேன். செல்வி அக்காவின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். டப்பாவைப் பார்த்ததும் அத்தை இரண்டடி பின்னால் போனார்கள். கோயில் அரிசியா, வேண்டாம் தாயி, தெருவில் ஒரு மாதிரி பேசுவார்கள் என்றார்கள். வீட்டு அரிசிதான் அத்தை என்றேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “அரிசில என்னம்மா கோயிலு, வீடு? எறக்கி வைக்கச் சொல்லு. கை வலிக்கப் போகுது அந்தப் புள்ளைக்கு.” அதுதான் செல்வி அக்கா.

நான் அன்று ஒரு ஜெபத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கோயிலில் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு ஜெபத்துக்குப் பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். துன்பப்படுகிறவர்களுக்கு என்று நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் கழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி வார்த்தை மறந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அக்கா, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். “பண்ணு பாப்பா. அதுக்கு முன்னாடி முதுகு அரிக்கிது, எங்கம்மா தேச்சா அழுதுக்கிட்டே தேக்கிறா. தேங்காயெண்ணெ அங்கன இருக்கு. நகம் படாம தேச்சுவிடு. சாமிகிட்டப் பேசிக்கிட்டே தேச்சாலும் சரிதான்.” ஆறுகிற தீப்புண் எப்படி அரிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எண்ணெயை எடுத்துத் தேய்த்தேன். அந்தத் தோல் பிளாஸ்டிக் வாளி உருகி இறுகினதுபோல இருந்தது. கரண்ட் வேறு போய்விட்டது. ஒரு கையால் தேய்த்துக்கொண்டு இன்னொரு கையால் என் நோட்டு அட்டையால் விசிறினேன். அவள் தூங்கிவிட்டாள். நான் கொண்டுபோன ஜெபத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

மகனே, இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி. ஒருவரை உற்சாகப்படுத்துவது என்றால் அவரிடம் நல்ல வார்த்தை சொல்வது என்று நான் நினைத்திருந்தேன். கோயிலிலும் அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் வீட்டில் கஷ்டம் என்றால் நாலு பேர் போய், ஒரு பாட்டுப் பாடி, பைபிள் வசனம் சொல்லி, காப்பி குடித்துவிட்டு வருவார்கள். நான் அதைக் கேலி பண்ணவில்லை. ஆனால் நீ போகிற வீட்டில் என்ன வேண்டும் என்று முதலில் கேள். முதுகு தேய்க்கச் சொன்னால் முதுகைத் தேய். தண்ணீர்க்குடம் தூக்கச் சொன்னால் தூக்கு. ஒன்றும் வேண்டாம், போய்விடு என்றால் போய்விடு, மறுவாரம் திரும்பப் போ. முதல் வாரம் போகிறவர்கள் நிறையப் பேர். செல்வி அக்கா வீட்டுக்கும் முதல் வாரம் பார்க்க வந்த கூட்டத்தில் தெரு அடைத்ததாம். நான் போனபோது வாசலில் நாய்கூட இல்லை.

அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அவள் என்னைக் கேலி பண்ணுவாள். இன்னைக்கு எந்த வசனம் பாப்பா என்பாள். இன்றைக்கு எண்ணெய் மட்டும்தான் அக்கா என்பேன். டிவியில் வருகிற சீரியலில் யார் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்வாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். கம்பெனி போர்மேன் மாதிரி பேசிக்காட்டுவாள். ஒருநாள் அம்மாவைப் பற்றி நானே எடுத்தேன். அம்மா உட்காருகிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்ததால்தானே அக்கா, அம்மா அதை நினைத்து ராத்திரி தூங்குவதே இல்லை என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. “அது என்ன, ஒங்கம்மா பேர்ல பட்டாவா போட்டுருக்கு? அது கம்பெனிக்காரன் எடம். ஒங்கம்மாவ ஒழுங்காத் தூங்கச் சொல்லு. நீ எண்ணெய எடு.” நான் இதை வீட்டில் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யார் யாரை உற்சாகப்படுத்தினார்கள் என்று நீயே பார்த்துக்கொள்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். செல்வி அக்காவின் வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டே போகின்றன. ஆறின தோல் இழுக்கிறது. வாராவாரம் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்யவேண்டும், விட்டுவிட்டால் விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போகும், பிறகு அறுத்துத்தான் பிரிக்கணும், அதுவும் எந்த அளவுக்குச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒரு தடவை அத்தையோடு போனாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், எப்போதும் நெரிசல். இவள் மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்ட அத்தை அங்கே நின்று அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். பஸ் முழுக்க ஆட்கள் தொங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவள் பக்கத்தில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. விருதுநகர் வரைக்கும் அந்தச் சீட்டு காலியாகவே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து, இனி போகமாட்டேன், கை எப்படிப் போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டாள். வெந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். அன்று அவள் ஒரு கேலியும் பண்ணவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்கிறேன் அக்கா என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அத்தைக்கு வேலை, அதோடு அத்தை வந்தால் அழுவார்கள். எனக்குச் சனிக்கிழமை லீவு. அவள், யாராவது சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். உட்கார்ந்துதான் இருப்பேன் என்றேன்.

இரண்டு சனிக்கிழமை போனோம். முதல்நாள் அவள் துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். நான் ஒட்டி உட்கார்ந்தேன். முன்னால் ஓர் அக்கா இடுப்பில் நாலு வயதுப் பையனோடு நின்றார்கள். அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான், அவன் அம்மா அவன் தலையைத் திருப்பத் திருப்ப மறுபடியும் பார்த்தான். கடைசியில் கேட்டேவிட்டான், ஒனக்கு என்னாச்சு என்று. செல்வி அக்கா துப்பட்டாவை இறக்கிவிட்டு, “வெடி வெடிச்சப்ப ஓடாம நின்னுட்டேன்லே. நீ ஓடிரணும், என்ன?” என்றாள். அவன் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினான். அந்த அக்கா சட்டென்று அவனை இறக்கி எங்கள் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்காரவைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா, இவள் யார், தங்கச்சியா என்று கேட்டதற்கு, செல்வி அக்கா கொஞ்சங்கூட யோசிக்காமல் “பக்கத்து சீட்டு” என்றாள். இரண்டாவது வாரம் சுண்டுவிரல் கொஞ்சம் நிமிர்ந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிந்தது.

எனக்கு இதற்குமுன் எத்தனையோ பரிசு கிடைத்திருக்கிறது மகனே, வசனப் போட்டியில், பாட்டுப் போட்டியில். எதற்கும் எனக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை. நான் செய்த ஊழியம் என்ன? உட்கார்ந்தேன். அவ்வளவுதான். எந்தச் சாட்சி நேரத்திலும் இதைச் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள்.

போன வாரம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்தெருவில் சிலர், ஏஜென்ட் மகள் மதம் மாற்ற வருகிறாள் என்று பேசுகிறார்களாம். கம்பெனியில், உன் மகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்களாம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். சத்தம் போடவில்லை. “ஊழியம் செய்யணும்னா கோயில்ல செய்யி. பூ வையி, பெருக்கு, பாடு. யாரு வேண்டாங்கா? அங்கன போகாத.” நான் இதுவரைக்கும் அப்பாவுக்கு எதிர்த்துப் பேசினதே இல்லை. அன்று பேசினேன். “கோயில்ல பெருக்க ஆளு இருக்குப்பா. அந்த அக்கா பக்கத்துல உக்காரத்தான் ஆளு இல்ல.” அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றுதான் படிப்பு, காரியாபட்டி, கல்யாணம் எல்லாம் சொன்னார்.

அவர் கம்பெனிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஊர்ப்பேச்சுக்குப் பயப்படுகிறார் என்றும் நினைத்தேன். இல்லை. இந்த ஒரு வாரமாக அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேனை அந்தத் தெரு வழியாக அவர் இப்போது ஓட்டுவதே இல்லை, சுற்றிக்கொண்டு போகிறார். ஞாயிறு ஆராதனையில் பக்கவாசல் பக்கம் உட்காருவதில்லை. அவர் பயப்படுவது அன்று அத்தை தோளில் இருந்த அந்தத் துணிப்பைக்கு. அத்தை வந்து திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவர்கள் திட்டவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் மறைத்து வைத்திருக்கிற ஒன்றை நான் போய்த் தொடுகிறேன். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அப்பா பாவம் என்றுதான் எனக்கு இருக்கிறது. ஆனால் அப்பா பாவம் என்பதற்காகச் செல்வி அக்காவின் விரல்கள் ஒட்டிப்போக வேண்டுமா? நான் போகாவிட்டால் அவள் போகமாட்டாள். நேற்றுச் சாயங்காலம் ஜன்னல் வழியாக அவளிடம் சொன்னேன், இந்த வாரம் வருவது கஷ்டம் அக்கா என்று. அவள் கோபப்படவில்லை. சரி பாப்பா, படி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மடங்கின கை அவளுக்கு அடியில் கிடந்தது. அந்த முதுகை எனக்கு ஒவ்வொரு இடமாகத் தெரியும். நான் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, வருவேன், ஏழு மணி பஸ், கிளம்பியிருங்கள் என்று ஜன்னலில் கத்திவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பெற்றவர்களுக்குக் கீழ்ப்படி என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உனக்கும் நான் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன் என்று நினைக்கிறேன். அதே ஆட்கள்தான் வியாதியாய் இருக்கிறவர்களைப் போய்ப் பார் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றாக வரும்போது என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. போதகர் ஐயாவிடம் அம்மா போய்க் கேட்டாள். கொஞ்சம் பொறுமையாக இருக்கட்டும், அப்பாவின் மனசு மாற ஜெபிப்போம் என்றாராம். ஜெபிக்கட்டும். நானும் ஜெபிக்கிறேன். விரல் பொறுக்காது. ஐயா நல்லவர், அவருக்கு விரலைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துவிட்ட பிறகு தெரியாதவள் மாதிரி பாடகர் குழுவில் நின்று பாட எனக்கு வராது.

அம்மா என்னிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இன்று ராத்திரி மாவைக் கரைத்துக்கொண்டே, அப்பாவுக்குக் கேட்காத மாதிரி, காலையில் இட்லி நாலு போதுமா, எட்டு வேணுமா என்று கேட்டாள். நான் நாலுக்கு மேல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. எட்டு என்றேன். அம்மா தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

நீ எப்படிப்பட்ட ஆளாக வருவாய் என்று எனக்குத் தெரியாது. கமிட்டியில் இருப்பாயோ, கம்பெனியில் இருப்பாயோ, கோயில் பக்கமே வராதவனாகப் போய்விடுவாயோ. எதுவாக இருந்தாலும், நெரிசலான இடத்தில் ஒரு சீட்டு மட்டும் காலியாக இருந்தால் அது ஏன் காலியாக இருக்கிறது என்று பார். போய் உட்கார். உட்கார்ந்துவிட்டு அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்காதே, அது அவர்களுக்குப் பிடிக்காது. வீட்டில் போய் அதைச் சொல்லிப் பெருமைப்படாதே. அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வந்து நில். உனக்குச் சலிப்பாக இருக்கிற வாரமும் வா. எனக்கும் ஒருநாள் சலிப்பாக இருந்தது, எண்ணெய் வாசனையே பிடிக்கவில்லை, ஆனாலும் போனேன். பயமாக இருந்தால் பயந்துகொண்டே போ. பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருந்தால் பஸ் போய்விடும்.

இன்னொன்று. நீயும் ஒருநாள் அப்பாவாகி, உன் மகள் உன் பேச்சை மீறினால், அவள் எங்கே போகிறாள் என்று முதலில் கேள். முடிந்தால் நீயும் கூடப் போய்ப் பார். அப்பா ஒரே ஒரு தடவை அந்த வீட்டு வாசலில் வந்து நின்றால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றும் பேசவேண்டாம். அவர் வேனில் ஏறிப் போனவள்தானே அவள். அத்தை அவரை உட்காருங்கள் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். செல்வி அக்கா ஏதாவது ஒரு கேலி பண்ணுவாள். அவருக்கும் அதற்குப் பிறகு சோறு இறங்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவர் எழுந்திருக்கும் முன்னால் பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றுதான்…

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். மெதுவாகத்தான் தட்டுகிறார், “பாப்பா, இன்னும் தூங்கலையா?” என்கிறார். மகனே, நான் விளக்கை அணைக்கவில்லை. பின்வாசல் வழியாகவும் போகப்போவதில்லை. கதவைத் திறந்ததும் அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஏழு மணி பஸ்ஸுக்கு நான் போறேம்ப்பா, நீங்களும்…